தோற்றவன் பலகையை விரிக்க வேண்டும்

என் கையில் ஒய் இருக்கிறது, எக்ஸ் இருக்கிறது, பலகையின் மேல்மூலைக்கு ஒரு கட்டம் கீழே ஈ இருக்கிறது. மூலையில் ஒய்யை வைத்து, ஈக்குக் கீழே எக்ஸை வைத்து, பச்சைப் பொத்தானை ஒரு தடவை அழுத்தினால் ஆட்டம் முடிந்தது, நான் ஜெயித்துவிடுவேன். அழுத்த வேண்டியதுதானே என்றால் விரல் போகமாட்டேன் என்கிறது. சாப்பிட்ட தட்டு எதிரிலேயே கிடக்கிறது, சாளை மீன் குழம்பு ஓரத்தில் காய்ந்து எறும்பு வந்துவிட்டது, நான் அவருடைய போனை மடியில் வைத்துக்கொண்டு இந்த மூன்று எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். யெக்ஸ். விக்கல் என்று அர்த்தம். எந்தக் காலத்திலோ இங்கிலீஷ்காரன் விக்கலை அப்படிச் சொல்லியிருக்கிறான், இப்போது அவனுக்கே மறந்துபோயிருக்கும். பாளையங்கோட்டையில், பாதி மதில் இடிந்த இந்த வீட்டில், எனக்குத் தெரியும். அக்குளுக்கு ஆக்ஸ்டர் என்றும் எனக்குத் தெரியும். கூரை ஓடு வெட்டுகிற உளிக்கு ஸாக்ஸ். ஆற்றுக்கு நடுவில் மணல் சேர்ந்து திட்டாக நிற்குமே, அதற்கு எய்ட். தெரிந்து என்ன செய்ய, யாரிடம் போய்ச் சொல்ல? கறிக்கடைக்காரனிடம் ஆக்ஸ்டர் பக்கத்துக் கறி கொடு என்று கேட்கவா முடியும்? இங்கிலீஷில் ஒருதரம் பெயிலாகி மறுதரம் எழுதிப் பத்தாவது பாஸ் பண்ணியவள் நான். இருந்தும் இந்தத் தெருவிலேயே யாருக்கும் வேண்டாத இங்கிலீஷ் அதிகம் தெரிந்தவள் நான்தான். போனில் அவர் படம் சின்ன வட்டத்துக்குள் இருக்கிறது, மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு, என்ன ஆடப்போகிறாய் என்று கேட்கிற மாதிரி. அதற்குக் கீழே இங்கிலீஷில், தேவசகாயம், உங்கள் முறை. அவர் முறை இல்லை, அவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் முறை. ஆனால் அதை யாரிடமும் சொன்னதில்லை, மகன் ரூபனிடமும் சொன்னதில்லை.

அவர் இருந்திருந்தால் இவ்வளவு யோசிப்பாரா, கட்டையை டக்கென்று வைத்துவிட்டு மீசையைத் தடவியிருப்பார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை, பகலெல்லாம் ஊரில் உள்ளவர்களின் பேச்சையெல்லாம் சேர்த்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் வாய் திறக்கமாட்டார். திறந்தால் வார்த்தைதான். தோசை கேட்கிற நேரத்தில் ஒரு வார்த்தையைச் சொல்லி, ரூபன், இதற்கு என்னடா அர்த்தம் என்பார். ரூபன் சொன்னால் தலையை ஆட்டுவார், தெரியாவிட்டால் சிரிப்பார். அப்பனும் மகனும் வேறு என்ன பேசினார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன், ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. காய்ச்சலா, பரீட்சையா, சட்டை கிழிந்துவிட்டதா, எல்லாம் என் வழியாகத்தான் போகும், என் வழியாகத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ஆட்டுக்கறிச் சாப்பாடு ஆனதும் ஸ்கிராபிள் பலகை விரியும். கூடத்தில் பாயில் எதிர் எதிரே உட்கார்ந்துகொண்டு, துணிப்பையில் கைவிட்டு எழுத்துக் கட்டைகளை எடுத்து, ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆடுவார்கள். நானும் ஒருநாள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து எனக்கும் ஒரு கை போடுங்களேன் என்றேன். "நீ தமிழ் மீடியம்ட்டி. போய் ரெண்டு காப்பி போடு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வருகிறது துணியை எடு என்கிற மாதிரிதான் சொன்னார். நான் காப்பி போட்டேன். கட்டிலுக்கு அடியில் உருண்டு போகிற கட்டைகளைப் பெருக்கும்போது எடுத்து வைப்பேன், அதனால் ஒவ்வொரு எழுத்தும் என் விரலுக்குத் தெரியும். எக்ஸ் கட்டையின் ஒரு முனை உடைந்திருக்கும், ரூபன் குழந்தையில் கடித்தது. அந்த ஆட்டத்தில் அவர் வைத்த சட்டம் ஒன்றுதான், தோற்றவன்தான் அடுத்த தடவை பலகையை விரிக்க வேண்டும். ஜெயித்தவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவனாகக் கேட்கக்கூடாது. தோற்றவனுக்கு ஆசை இருந்தால் அவன் வரட்டும் என்பார். விட்டுக்கொடுத்து ஆடுவது என்பதும் எங்கள் வீட்டில் கிடையாது. பல் விழுந்த பிள்ளையிடம்கூட அந்த மனுஷன் ஒரு புள்ளி விட்டுக்கொடுத்ததில்லை, அது எதிராளியை அவமானப்படுத்துவதாம். இந்தப் பெரிய மனுஷத்தனத்தில் அழுதது யார் என்றால் பிள்ளை, சமாதானம் பண்ணியது யார் என்றால் நான்.

அதனால்தான் பயம். ரூபன் தோற்றால் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியும். தோற்றுவிட்டால் கட்டைகளைப் பைக்குள் கொட்டிவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவான். அடுத்த ஞாயிறு பலகையைத் தொடமாட்டான். இவரும் தொடமாட்டார், சட்டம் இருக்கிறதே. பலகை பீரோ மேலே தூசி படிந்து கிடக்கும், இரண்டு ஆண்பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள், நான் நடுவில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பேன். ஒருதடவை இரண்டு வாரம், ஒருதடவை ஒரு மாசம். பன்னிரண்டாவது படிக்கும்போது ஒரு ஆட்டம் தோற்றான், அதோடு சரி. அந்த வருஷம் முழுக்க விரிக்கவில்லை. பிறகு காலேஜுக்குப் போனான், ஹாஸ்டலுக்குப் போனான், பலகையை நான்தான் பழைய சேலையில் சுற்றி உள்ளே வைத்தேன். விரித்திருந்தால் என்ன, ஒரு பலகைதானே, குனிந்து எடுத்துப் போட்டால் குடியா முழுகிவிடும்? கேட்டால், "நான் எதுக்கும்மா கேக்கணும், அவங்க கேக்கட்டும்" என்றான். அவங்க கேட்கவில்லை. லீட்ஸுக்கு வேலைக்குப் போன பிறகுதான் இந்தப் போன் ஆட்டம் வந்தது. யார் முதலில் கேட்டார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒருநாள் இவர் கழிவறைக்குள்ளிருந்து ஆஹா என்று சத்தம் போட, விழுந்துவிட்டாரோ என்று கதவைத் தட்டினேன். ரூபன் ஏதோ வார்த்தை வைத்திருக்கிறானாம். அப்படித்தான் தெரியும். கடல் தாண்டிப் போன பிறகு, முகத்தைப் பார்க்காமல் ஆட முடியும் என்றானதும், இரண்டு பேரும் திரும்ப உட்கார்ந்துவிட்டார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

கால்விரல். டோ. இன்று காலையில் அவன் வைத்த வார்த்தை அதுதான், டி, ஓ, ஈ, வலது ஓரத்தில் ஈயில் முடிகிற மாதிரி. கால்விரலாம். இதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வைக்கும். என்றைக்கும் வாயில் நுழையாத வார்த்தையாக வைக்கிறவன், இன்று ஏன் இப்படி? பார்த்ததும் இவருடைய கால் ஞாபகம் வந்துவிட்டது, இவருக்கும் அங்கேதான் ஆரம்பித்தது. புதுச் செருப்பு கடித்து, வலது கால் சுண்டுவிரலில் ஒரு சின்னக் கொப்புளம். சர்க்கரை உடம்பு, காட்டுங்கள் காட்டுங்கள் என்றேன், செருப்பு பழகிவிட்டால் சரியாகிவிடும் என்றார். விரல் கறுத்தது. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கால் இருந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது. அப்போதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துகளை இழுத்து இழுத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் வலிக்கிறது என்று சொல்லவில்லை. மகனிடம் நிச்சயமாகச் சொல்லியிருக்கமாட்டார். ரூபனுக்கும் அந்த உடம்புவாசிதான், அங்கே பிரட்டையும் கேக்கையும் தின்கிறான், நடக்கிறானோ இல்லையோ. கால்விரலில் ஏதாவது பட்டிருக்குமோ? குளிரில் விரல் விறைத்துப்போகும் என்று சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் இப்படி வைத்துக் காட்டுகிறானோ? சீ, புத்தி போகிற போக்கைப் பார். போன மாசம் அவன் வைத்த வார்த்தைக்குப் பேன் முட்டை என்று அர்த்தம், அதற்காக அவன் தலையில் பேன் என்றா எடுத்துக்கொண்டேன்? ஆமாம், ஒருநாள் முழுக்க அதையும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்றுகூடக் கேட்டேன். "வைக்கேம்மா" என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு. நான் கோயிலிலிருந்து வந்து சேலை மாற்றுவதற்குள் என் போன் அடிக்கும், என்னுடைய போன், ஃபிரிட்ஜ் மேல் வைத்திருப்பது. "ம்மா." "சொல்லுய்யா." "சாப்ட்டியா?" "இனிமேத்தான். நீ?" "இப்பதான் எந்திரிச்சேன். மாத்திர போட்டியா?" "போட்டேன்." "அங்க மழையா?" "இல்ல, வெயிலு. அங்க?" "மழ." பிறகு அவனுக்குப் பின்னால் கெட்டில் கொதிக்கிற சத்தம் கேட்கும். "சரிம்மா, வைக்கட்டா?" "வையி." அவ்வளவுதான். கல்யாணப் பேச்சு எடுத்தால் அதற்கு முன்னாலேயே வைத்துவிடுவான். கெட்டவன் இல்லை, ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை, எனக்கு அவன்மேல் குறையும் இல்லை. ஆனால் வைத்த பிறகு இந்தக் கூடத்தில் விழுகிற அமைதி இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. தாங்க முடியவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் லீவு போட்டு வருவான், எதிரில் உட்கார்ந்து பேப்பர் படிப்பான். அதுவும் வேண்டாம். எனக்கு இந்தப் போனில் நாள்முழுக்க வருகிற டிங் சத்தம்தான் வேண்டும். காலையில் பால் காயும்போது ஒரு டிங், அவன் தூங்கப்போகும் முன் வைத்தது. மத்தியானம் ஒன்று, அவன் எழுந்து வேலைக்கு உட்காரும் முன். ஒவ்வொரு டிங்கிலும், ஆள் இருக்கிறான், கண்ணைத் திறந்து இந்தப் பலகையைப் பார்க்கிறான் என்று தெரியும். அது போதும் என்று இருக்கிறேன். போதுமா என்றால் போதாது.

இது எப்படி ஆரம்பித்தது என்றும் நினைத்துப் பார்க்கிறேன். அடக்கத்துக்கு வந்தான், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான், அழவில்லை, கண்ணாடியின் மேல் படிந்த நீரைக் கையால் துடைத்துத் துடைத்து அப்பா முகத்தைப் பார்த்தான். நாலு பேர் சொன்னதைச் செய்தான், நாள் கணக்கு முடிந்து போனான். அவன் போய்ச் சேர்ந்திருப்பானா என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தபோது மேஜை டிராயருக்குள்ளிருந்து டிங். இவருடைய போன். எடுத்துப் பார்த்தால், ஆஸ்பத்திரியில் இவர் பாதியில் விட்ட ஆட்டம். ரூபன் தன் முறையை வைத்திருக்கிறான். சி, டபிள்யூ, எம். உயிரெழுத்தே இல்லாத ஒரு வார்த்தை, இப்படியும் உண்டா என்று அவருடைய தலையணை அளவு அகராதியைப் புரட்டினேன், இருந்தது. கூம், மலைநடுவில் இருக்கிற பள்ளம். செத்துப்போன அப்பாவோடு எதற்கு ஆட வேண்டும்? முடிக்காமல் விடக்கூடாது என்று வைத்தானோ, சும்மா தூக்கம் வராமல் வைத்தானோ. தேவசகாயம், உங்கள் முறை என்றது போன். எனக்கு என்ன தோன்றியதோ, கையில் இருந்த எழுத்துகளைப் பார்த்து கேட் என்று வைத்தேன். பூனை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ். யார் நீ, அப்பா போனை எதற்குத் தொட்டாய் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. கொஞ்சநேரத்தில் டிங். அவன் ஒரு வார்த்தை வைத்தான். நான் ஒரு வார்த்தை வைத்தேன். அந்த ஆட்டம் தோற்றேன். தோற்றவள் விரிக்க வேண்டுமே, புது ஆட்டம் என்கிற பொத்தானை அழுத்தினேன். வந்தான். அதிலிருந்து இன்றுவரை நான் தோற்பதும், நான் அழுத்துவதும், அவன் வருவதுமாகவே போய்க்கொண்டிருக்கிறது. ஒருதடவைகூட நான் ஜெயிக்கவில்லை, அதனால் ஒருதடவைகூட அவனாகக் கேட்கவில்லை. சும்மா தோற்றுக்கொண்டிருந்தால் சலித்துப்போவானோ என்றுதான் அகராதியை எடுத்தேன். உளுந்து ஊறுகிற நேரத்தில், ஜெபக்கூட்டத்தில் அடுத்தவள் நீளமாக ஜெபிக்கிற நேரத்தில், க்யூவுக்குப் பின்னால் யூ வராத வார்த்தை எவை எவை என்று முணுமுணுப்பேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். முதலில் அர்த்தம் பார்க்கவில்லை, போன் ஏற்றுக்கொள்கிறதா என்பதுதான் கணக்கு. பிறகு அர்த்தமும் பார்க்க ஆரம்பித்தேன், அவன் வைத்ததற்கு மட்டும்.

வாசலில் கேட் சத்தம். போனைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன், திருடி மாதிரி. பக்கத்து வீட்டு ஜாய்ஸ்தான், முருங்கைக்கீரை பறிக்க வந்திருக்கிறாள். "யக்கா, மத்தியானம் படுக்கலியா? தட்ட வச்சிக்கிட்டு உக்காந்திருக்கீய?" என்றாள். "ஒறக்கம் வரல" என்றேன். "சாயந்தரம் சங்கக் கூட்டத்துக்கு வாரீயல்லா?" "பாப்பம்." கீரையை உருவிக்கொண்டே அவள் மகன் புராணத்தை ஆரம்பித்தாள். சார்ஜாவில் இருக்கிறான், தினமும் வீடியோவில் வந்துவிடுவான். "இன்னிக்கி என்ன கொழம்புன்னு கேட்டு, சட்டியத் தொறந்து காட்டச் சொல்லுவான்க்கா. காட்டாட்டா சோறு எறங்காது அவனுக்கு. ரூபன் பேசுதானா?" "பேசுதான்" என்றேன். "என்னைக்கி?" "எப்பவும் பேசுதான்" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. அவள் என்னைப் பார்த்தாள். அவள் நல்லவள், மனதில் வைத்துக்கொள்ளமாட்டாள். சேலைக்குள் போன் சூடாக இருந்தது, பழைய போன், பின்மூடி உப்பிப்போய் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருக்கிறேன். "ஒங்களுக்கு முகமே சரியில்லக்கா. சுகர் பாத்தியளா?" என்றாள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஜாய்ஸ், நான் ஒரு ஆட்டம் ஜெயிக்கப்போகிறேன், ஜெயித்தால் என் மகன் திரும்ப வருவானா வரமாட்டானா என்று தெரிந்துவிடும், அதுதான் பயமாக இருக்கிறது. சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். "எல்லாம் பாத்தாச்சி, நீ கீரையக் கொண்டு போயி ஆஞ்சிப் போடு" என்றேன். கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். தட்டை எடுத்துக் கழுவினேன்.

தட்டைக் கழுவும்போதுதான் அவருடைய குரல் கேட்டது. கேட்டது என்றால் ஞாபகம் வந்தது. கட்டைகள் தீர்ந்து பை காலியானதும் அவர் கண்ணை மூடிக்கொண்டு விரல் மடக்குவார். மொத்தம் எத்தனை ஈ, எத்தனை ஏ, ஒரே ஒரு எக்ஸ், எது எது பலகையில் வந்துவிட்டது, எது என் கையில், மிச்சம் எதிராளி கையில். "பை காலியான பெறவு எதிராளி கையில என்ன இருக்குன்னு தெரியாதவன் என்னல ஆட்டக்காரன்?" என்று ரூபனை அதட்டுவார். ரூபனும் விரல் மடக்குவான், சின்ன விரல்கள், உதடு அசையும். அப்படிப் பழகியவன் அவன். பை காலியாகிவிட்டது. பலகையில் எக்ஸ் இல்லை, அவன் கையில் இல்லை. அப்படியென்றால் என்னிடம் எக்ஸ் இருப்பது அவனுக்குத் தெரியும். ஒய் இருப்பதும் தெரியும். இந்த இரண்டே எழுத்துதான் என்னிடம் பாக்கி என்று அவனுக்கு அட்சரசுத்தமாகத் தெரியும். தெரிந்தே, வைக்க எத்தனையோ இடம் இருக்க, மூன்று மடங்கு கொடுக்கிற சிவப்பு மூலைக்குக் கீழே கொண்டுவந்து ஒரு ஈயை வைத்திருக்கிறான். கால்விரலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவனுக்கு அந்த ஈதான் வேண்டியிருந்தது. தண்ணீரை நிறுத்திவிட்டு ஈரக்கையோடு நின்றேன். விட்டுக்கொடுத்திருக்கிறான். விட்டுக்கொடுப்பதே கிடையாது என்கிற வீட்டில் பிறந்தவன், அவனுடைய அப்பாவின் பேருக்கு எதிரே உட்கார்ந்து, விட்டுக்கொடுத்திருக்கிறான். அப்பாவுக்கு இதைச் செய்யமாட்டான். அப்படியென்றால் எதிரில் இருப்பது யார் என்று அவனுக்குத் தெரியும். எப்போதிலிருந்து? கேட் என்று வைத்தேனே, அன்றைக்கே தெரிந்திருக்கும், எந்த அப்பா பூனை என்று வைப்பார். சரி, தெரியட்டும். ஆனால் எதற்கு விட்டுக்கொடுக்கிறான்? அதுதான் எனக்கு வேண்டும். அம்மா ஒருதடவை ஜெயிக்கட்டும், சந்தோஷப்படட்டும் என்றா? இல்லை, இப்படி வைத்துப் பார்: இவ்வளவு நாள் நான் அழுத்தினேன், அவன் வந்தான், வராமல் இருக்க அவனுக்கு வழி இல்லை, வரமாட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல முடியாது. தோற்றுவிட்டால் வழி கிடைத்துவிடும். தோற்றவன்தான் விரிக்க வேண்டும், விரிக்காமல் இருந்துவிடலாம். யாரும் யாரையும் ஒன்றும் கேட்க வேண்டாம், பலகை பீரோ மேல் ஏறிவிடும், ஞாயிற்றுக்கிழமை மழையா வெயிலா என்று பேசிக்கொள்ளலாம். கௌரவமாக எழுந்து போகிற வழி. அவனுக்கு வயசு முப்பத்தைந்து ஆகிறது, காலையில் எழுந்ததும் செத்த அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு அம்மாவுக்கு ஒரு வார்த்தை வைப்பது ஒரு பாரம்தானே. எனக்குப் பாரமாக இல்லை என்பதற்காக அவனுக்கும் இருக்காது என்று யார் சொன்னது?

வேறு இடத்தில் வைத்துவிடலாம். கீழே ஓரத்தில் எக்ஸை மட்டும் ஓர் ஓவோடு சேர்த்து, ஆக்ஸ், மாடு என்று வைத்தால் ஒய் கையில் மிஞ்சும், அவன் முடித்துவிடுவான், வழக்கம்போல நான் தோற்பேன், நானே அழுத்துவேன், நாளைக்கும் பால் காயும்போது டிங் வரும். ஆயுசுக்கும் இப்படியே ஓட்டிவிடலாம். எனக்கு அதில் வெட்கம் ஒன்றும் இல்லை, ஆசை இருக்கிறவன் வரட்டும் என்றார், எனக்கு ஆசை இருக்கிறது, வருகிறேன். எக்ஸை இழுத்து ஓவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மாடு. அந்த மாட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை, மீசையைத் தடவுகிற அவர்மேலா, மொட்டைமாடிக்குப் போகிற அவன்மேலா. என்னைச் சட்டத்துக்குள் சேர்த்துக்கொள்ளவே இல்லையே, சேர்த்துக்கொள்ளாதவளுக்கு எதற்கு அந்தச் சட்டம்? இருந்தாலும் அவன் எனக்கென்று குனிந்து ஒரு எழுத்தை வைத்திருக்கிறான். இந்த வீட்டு ஆண்பிள்ளை ஒருவன் வைத்ததை நான் எடுக்காமல் போனால், பார்க்கவில்லை என்று நினைப்பான். பார்த்தேன் என்று சொல்ல எனக்கு வேறு வழி தெரியவில்லை. மாட்டைத் திரும்ப இழுத்தேன். மூலையில் ஒய், கீழே எக்ஸ். அழுத்தினேன். பலகை முழுக்கக் கலர் தாளாகக் கொட்டியது, தேவசகாயம் வென்றார் என்று வந்தது, அவர் தலையில் ஒரு கிரீடம் வந்து உட்கார்ந்தது. அவருக்கென்ன, செத்தும் ஜெயிக்கிறார். கீழே புது ஆட்டம் என்கிற பொத்தான், என்னை அழுத்து என்று துடித்துக்கொண்டிருந்தது. பழகிப்போன கட்டைவிரல் அங்கே போய்விட்டது, இழுத்துக்கொண்டேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜெயித்தவர்கள் இப்படித்தான் உட்கார்வார்கள் என்று பார்த்திருக்கிறேன், அது இவ்வளவு கஷ்டமான வேலை என்று தெரியாது.

டிங் வரவில்லை. மின்விசிறி ஓடுகிறது, ஜாய்ஸ் வீட்டில் குக்கர் சத்தம், டிங் மட்டும் வரவில்லை. பார்த்திருக்கமாட்டான். பார்த்திருப்பான், இந்நேரம் எழுந்திருப்பான். திரையைத் தொட்டுத் தொட்டு வெளிச்சம் வரவைத்தேன், கிரீடத்தோடு அவர், வேறு ஒன்றும் இல்லை. சரி, இப்படித்தான் என்றால் இப்படித்தான். ஒரு மனுஷி எவ்வளவு நாள் செத்தவர் பேரில் குடித்தனம் பண்ண முடியும்? மாடிக்குப் போய்த் துணி எடுத்தேன். வெயிலில் சேலை அப்பளமாகக் காய்ந்திருந்தது. அவன் மொட்டைமாடியில் வந்து நிற்கிற இடம், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இன்னும் கொஞ்சம் நிழலாக இருந்தது, அங்கே நின்று கொஞ்சநேரம் அழுதேன். பதினேழு வயசில் அவனும் இங்கே அழுதிருப்பான், நான் ஒருநாளும் மேலே வந்து பார்த்ததில்லை, பசித்தால் இறங்கிவருவான் என்று இருந்துவிட்டேன். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கினேன். கூடத்தில் அவருடைய போன் அப்படியே செத்துக் கிடந்தது. துணியைக் கட்டிலில் போட்டேன். மடித்தேன். அடுக்களையில் ஏதோ முனகியது. பூனையா என்று பார்த்தால், ஃபிரிட்ஜ் மேல் என் போன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அடிக்கிற என் போன், ஓரத்துக்கு நகர்ந்து விழப் பார்க்கிறது. இன்றைக்கு ஞாயிறு இல்லை. எடுத்தேன். ரூபன் அனுப்பிய நீல எழுத்து, தொட்டால் எங்கோ கொண்டுபோகிற மாதிரி, அதற்குக் கீழே தமிழில் ஒரே வரி.

"பலகைய விரிச்சாச்சு. வாம்மா."

நீல எழுத்தைத் தொட்டேன். ஏதேதோ இறங்கியது, சுற்றிச் சுற்றி வந்தது, உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. எத்தனையோ வாயில் நுழையாத வார்த்தைகளைத் தடவித் தடவி வைத்த விரல், என் பேரை இரண்டு தடவை தப்பாக அடித்தது. அவருடைய போனைச் சார்ஜரில் சொருகிவிட்டு, பாயை உதறிப் போட்டு, கூடத்தின் நடுவில் உட்கார்ந்தேன். பலகை வந்தது. ஒரு கட்டைகூட வைக்காத வெறும் பலகை, முதல் முறையை எனக்கு விட்டிருக்கிறான். பாக்கியம், உங்கள் முறை என்றிருந்தது.